மந்திரத்தின் மறுபாதி

தம்பி,

இன்று ஞானோபதேச வகுப்பு விட்டு வந்ததும், பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டே என்னைக் கேட்டாய். "அம்மா, உபதேசியார் ஒவ்வொருத்தரா எந்திரிக்கச் சொல்லி, அப்பா இருக்காரா, மரிச்சுட்டாரான்னு கேட்டாரும்மா. எங்கம்மாகிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்னேன். எல்லாப் பயலும் சிரிச்சுட்டானுக." கிறிஸ்துமஸுக்கு உனக்குப் புது நன்மை. பூசையில் முதல்முறை நற்கருணை அப்பம் வாங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் தகப்பன் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஞானத்தகப்பன் நிற்க வேண்டும். அதற்காகத்தான் அவர் கேட்டிருப்பார். கேள்வியில் தப்பில்லை. நான் உனக்குச் சொன்ன பதில், "மொதல்ல காலக் கழுவிட்டு வா, பன்னு இருக்கு" என்பதுதான். நீயும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

இப்போது நீ பிலோமி அத்தையோடு சுள்ளி பொறுக்கப் போயிருக்கிறாய். குல்லாய் போட்டுக்கொண்டுதான் போனாயா என்று இரண்டு தடவை வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாயங்கால மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் மீசை முளைத்து, ஒருவேளை கல்யாணமும் ஆகி, உன் வீட்டில் நீயே செபத்தைத் தொடங்கி வைக்கிற வயதில் இருக்கப்போகும் உனக்கு எழுதுகிறேன். திருச்சியில் கன்னியர் கல்லூரியில் பி.ஏ. படித்தபோது எந்தக் கேள்விக்கும் மூன்று பக்கத்துக்குக் குறையாமல் விடை எழுதினவள் நான். ஒரே வார்த்தையில் முடிய வேண்டிய கேள்விக்கு இன்றைக்கு இவ்வளவு காகிதம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அப்பாவுக்குக் காய்கறி மண்டியில் வேலை. மேல்மலைக் கிராமங்களுக்குப் போய், பூண்டும் உருளைக்கிழங்கும் நிலத்தில் இருக்கும்போதே விலை பேசி முடித்துவிட்டு வருவார். பூம்பாறை வரைக்கும் லாரியில் தொற்றிக்கொள்வார், அதற்கு மேல் நடை. போன வருஷம் ஐப்பசி மழையில் கிளாவரைக்குப் போனார். போகும்போது நீ அவருடைய கம்பளியைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொங்கினாய். "ஏலே, விடுறா, அப்பா வெரசா வந்துருவேன். வர்றப்ப உனக்குத் தேன் வாங்கியாரேன்" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் போகிற சோலிதானே. நானும் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. மழை அன்றைக்குச் சாயந்திரம் பிடித்தது. மலைப்பாதை பல இடங்களில் சரிந்தது, ஓடைகள் எல்லாம் ஆறாகிவிட்டன. கிளாவரையில் அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர், மழை கொஞ்சம் விட்டதும் வெள்ளனே கிளம்பிவிட்டார் என்று சொன்னார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பாதை அடைபட்டதால் மலையாள நாட்டுப் பக்கம் இறங்கியிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். ஓடையைக் கடந்திருக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். மண்டி ஆட்கள் தேடினார்கள், போலீஸ் தேடினது, மூணாறுக்கு ஆள் போய் விசாரித்தார்கள். குடை கிடைக்கவில்லை, கம்பளி கிடைக்கவில்லை, செருப்புக் கிடைக்கவில்லை. ஒன்று கிடைத்திருந்தால் அதை வைத்து அழுதிருப்பேனோ என்னவோ.

நான் அழவில்லை. அக்கம்பக்கத்தில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். நெடுநேரம் முழந்தாளிட்டு இருந்துவிட்டு எழுந்திருக்கும்போது கால் நம்முடையதாக இருக்காது, தரையில் வைத்தாலும் வைத்தது தெரியாது. ரத்தம் திரும்பும்போதுதான் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். எனக்கு இந்த வருஷம் முழுக்க அந்த வலி வருவதற்கு முந்தைய நிலை. இட்லி வேகிறதா என்று பார்ப்பேன், உன் சட்டைக்குப் பொத்தான் தைப்பேன், நான் வேலை பார்க்கிற பள்ளியில் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுப்பேன். எல்லாம் சரியாகவே நடந்தது. பயம் மட்டும் மரத்துப்போகவில்லை. நீ பள்ளி விட்டு வரக் கொஞ்சம் பிந்தினால் மூடுபனியில் ரோட்டில் போய் நிற்பேன். நீ தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "மதினி, அவன் நெத்தி தேஞ்சு போகப் போகுது" என்பாள் பிலோமி. உன் அப்பாவின் தங்கை அவள். கல்யாணப் பேச்சு வந்தும், அண்ணன் வரட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டு இந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். நாலாவது ஆள் உன் தாத்தா. துரைமார் பங்களாவில் பட்லராக இருந்து ஓய்ந்தவர். சூப்பையும் கஞ்சி என்றுதான் சொல்வார், கஞ்சியைச் சில நாள் சூப் என்பார்.

நம் வீட்டுச் செபம் உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். கோயில் மணி அடித்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு நாலு பேரும் முழந்தாளிடுவோம். செபமாலையை ஆள் மாற்றி ஆள் சொல்வோம். முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். இன்னாருக்கு உடம்பு குணமாக, இன்னது நல்லபடியாக நடக்க, மூன்று பிரியதத்த மந்திரம் என்று. உங்கள் பள்ளியில் இப்போது அதை அருள் நிறை மந்திரம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். தாத்தாவுக்கு அது ஏறாது, "அது புது மாடல்" என்பார். அந்த மந்திரம் இரண்டு பாதி. கருத்துச் சொன்னவர் முதல் பாதியைச் சொல்வார், மாதாவை வாழ்த்துகிற பாதி. அவர் நிறுத்தின இடத்திலிருந்து மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து மறுபாதியைச் சொல்லி, ஆமென் சேசு என்று முடிப்போம், அது கேட்கிற பாதி. தொடங்கினவரே முடிக்கக் கூடாது. தனியாக இருந்தால் ஒழிய யாரும் இரண்டு பாதியையும் சொல்வதில்லை. கேட்கிற கருத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வீட்டில் இருக்கிறவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். முந்தி ஒரு முறை நீ உன் பம்பரம் கிடைக்க வேண்டும் என்று கருத்துச் சொன்னாய். உன் அப்பா உட்பட எல்லாரும் சிரிக்காமல் பதில் சொன்னோம். பம்பரம் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

அவர் காணாமல் போன முதல் வாரங்களில் நம் சந்தில் இருக்கிற குடும்பங்கள் எல்லாம் சாயந்திரம் நம் வீட்டுக்கே செபத்துக்கு வந்தன. இடம் போதாமல் வாசல் வரை முழந்தாளிட்டார்கள். தகரக் கூரையில் மழை கொட்டும், அதற்கு மேல் கத்தி மந்திரம் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் தங்கள் வீட்டிலேயே சொல்லத் தொடங்கினார்கள். குறை சொல்லவில்லை, எல்லார் வீட்டிலும் உலை வைக்க வேண்டும். ஆனாலும் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் உன் அப்பா பேரைச் சொல்லிக் கருத்துக் கொடுப்பது வெகுநாள் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாருடைய கருத்தும் ஒன்றுதான். சவரிமுத்து நல்லபடியாக வீடு வந்து சேர. கிறிஸ்துமஸ் போயிற்று, தபசு காலம் போயிற்று, சீசன் கூட்டம் வந்து போயிற்று. தாத்தா, பிலோமி, நீ, நான், நாலு பேரும் நாலு வாயால் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. எல்லாரும் அவரவர் சொந்தக்காரர்களின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். உன் தாத்தா கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இருக்கிற பெரிய சிலுவைக்கு அடியில் போய் ஒன்றை ஏற்றினார். கல்லறை இல்லாதவர்களுக்காக அங்கேதான் ஏற்றுவார்கள். நான் பார்த்தேன். அன்று சாயந்திரம் செபமாலை முடிந்ததும் அவர் கருத்தைச் சொன்னார். "மகன் சவரிமுத்து ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்தா, அது வெரசா மோட்சம் சேர, மூணு பிரியதத்த மந்திரம்." செத்தவர்களின் ஆத்துமம் மோட்சத்துக்குப் போகும்முன் பாவம் தீரக் காத்துக்கிடக்கிற இடம் அது. அவர் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். பிலோமி ஒரு மூச்சு தாமதித்துவிட்டுப் பதில் சொன்னாள். நீ வழக்கம்போல் கூடவே கத்தினாய். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்து என் முறை. அவர் உயிரோடு வீடு திரும்ப, மூன்று பிரியதத்த மந்திரம் என்று, ஒவ்வொரு சொல்லையும் அழுத்திச் சொன்னேன். அதற்கு எல்லாரும் பதில் சொன்னார்கள், தாத்தாவும் சொன்னார். அன்றிலிருந்து தினமும் இதே மாதிரி. ஒரே மனிதனை அவர் செத்தவர்களோடும் நான் உயிரோடு இருப்பவர்களோடும் வைத்து, ஒரே விளக்குக்கு முன்னால், ஒரே பாயில்.

ஒரு நாள் அடுப்படியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ரொட்டியைத் தணலில் வாட்டிக்கொண்டிருந்தார். "மாமா, அவரு செத்துட்டாருன்னு உங்ககிட்ட ஆரு சொன்னா?" என்றேன். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "நான் செத்துட்டான்னு எங்கம்மா சொன்னேன்? கெடந்தான்னுதான சொல்றேன். நீ படிச்ச பிள்ள, நல்லாக் கேளு." "கெடந்தான்னு சொல்றதும் குழி தோண்டுறதுதான் மாமா." "இருக்கட்டும். ஒருவேள அவன் அங்க கெடந்தான்னு வையி. நாம நாலு பேரும் இங்க உக்காந்து வா வான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தா, அங்க அவனுக்கு ஆரு இருக்கா? ஒரு வருசமா ஒரு மந்திரம் சொல்ல நாதியில்லாமக் கெடப்பானே தாயி." "உயிரோட இருந்தா?" "உசுரோட இருந்தா நான் சொன்னது வேற ஆருக்காச்சும் போவும். எத்தன அனாத ஆத்துமா கெடக்கு. வேஸ்ட் ஆவாது." பிறகு கருகாத பக்கமாகப் பார்த்து ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை தம்பி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று புரிந்தது, நான் சொன்னதிலும் இருக்கிறது என்று புரிந்தது. இரண்டும் எங்கோ தூரத்தில், வேறு யாருடைய வீட்டிலோ நடக்கிற பேச்சு மாதிரி இருந்தது. சாயந்திரம் வந்தது, அவர் கருத்தைச் சொன்னார், என் பல் திறக்கவில்லை.

பிலோமிதான் நடுவில் மாட்டிக்கொண்டாள். பாத்திரம் விளக்கும்போது சொன்னாள், "மதினி, அய்யாவுக்கும் பதில் சொல்றேன், உங்களுக்கும் பதில் சொல்றேன். எங்கண்ணன் வந்ததும் தொண்டைக்கு மருந்து வாங்கித் தரச் சொல்லணும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு விளக்கின பாத்திரத்தையே திரும்ப எடுத்து விளக்கினாள். அவளுக்கும் அண்ணன் எங்கே என்று தெரியாதுதானே. அதை நான் ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, நீ என் மடியில் படுத்துக்கொண்டு என் வாயைக் கீழேயிருந்து பார்த்தாய். "தாத்தா கருத்துச் சொன்னா மட்டும் நீ ஏம்மா வாயத் தொறக்க மாட்டேங்குற? பல்லு வலியா?" நான் ஆமாம் என்றேன். "எந்தப் பல்லு?" "பின்னாடி." "ரொம்ப வலிக்குதா?" "தெரியல தம்பி." வலிக்கிறதா என்று தெரியாத பல் வலி உனக்கு வேடிக்கையாக இருந்தது. அதோடு விட்டுவிட்டாய் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நல்ல மழை. செபமாலை முடிந்ததும் முதலில் உன்னைச் சொல்லச் சொன்னார் தாத்தா, புது நன்மை வாங்கப் போகிறவன் என்று. நீ கையைக் கூப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உபதேசியார் மாதிரியே குரலை இழுத்துச் சொன்னாய். "எங்கம்மாவுக்குப் பின்னாடிப் பல்லு வலி தீந்து, அவுங்க எல்லாருக்கும் பதில் சொல்ல, மூணு பிரியதத்த மந்திரம்." பிலோமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் தாத்தாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும், எனக்குப் பல்லில் ஒன்றும் இல்லை என்று. பட்லர் வேலை பார்த்தவர், யார் எந்தப் பக்கம் மெல்லுகிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியும். இருந்தும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. நீ முதல் பாதியை முடித்த இடத்தில், முதுகை நிமிர்த்திக்கொண்டு, மழைக்கு மேல் கேட்கிற மாதிரி மறுபாதியைச் சொன்னார். மூன்று தடவையும் அப்படியே. பம்பரத்துக்குச் சொன்ன மாதிரி, மகனுக்குச் சொன்ன மாதிரி, இல்லாத என் பல் வலிக்கும் சொன்னார். ஒரு எழுத்துக்கூட விழுங்கவில்லை.

அடுத்து அவர் முறை. எப்போதும் சொல்கிறதையே சொன்னார். மகன் சவரிமுத்து ஆத்துமம், கெடந்தா, வெரசா. முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். என் வாய் திறந்தது. நான் திறந்தேன் என்று சொல்ல முடியாது, நீ கேட்டதற்கு இவ்வளவு பேர் பதில் சொன்ன பிறகு அது மூடியிருக்கவில்லை, அவ்வளவுதான். பிலோமியோடும் உன்னோடும் சேர்ந்து மறுபாதியைச் சொல்லி, ஆமென் சேசு என்று முடித்தேன். என் குரல் எனக்கே பிந்திக் கேட்டது. வழக்கமாக ஆமென் சேசு முடியும்முன் தாத்தா அடுத்ததைத் தொடங்கிவிடுவார். அன்றைக்குத் தொடங்கவில்லை. கூரையில் மழைதான் கேட்டது. அவர் மாதாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தாடை மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. நீ, "தாத்தா, இன்னும் ரெண்டு இருக்கு" என்றாய். அவர் தலையாட்டினார். அப்போதும் வரவில்லை. இன்னும் இரண்டு இருக்கிறது, விட்டுவிட முடியாது. ஆகவே நான் தொடங்கினேன். உன் அப்பாவின் ஆத்துமத்துக்காக முதல் பாதியை நான் சொன்னேன், மறுபாதியை உன் தாத்தா சொன்னார். மூன்றாவதும் அப்படியே. அது முடிந்ததும் நான் என் கருத்தைச் சொன்னேன். சவரிமுத்து உயிரோடு வீடு வந்து சேர. அதற்கும் அவர் பதில் சொன்னார், அதே குரலில்.

செபம் முடிந்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் நெற்றியில் சிலுவை வாங்கினாய். வழக்கம்போல் முதலில் கதவோரமாகப் போய், உன் அப்பா முழந்தாளிடுகிற இடத்தில் தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாய். ஒரு வருஷமாக நீ இதைச் செய்கிறாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பிறகு என்னிடம் வந்து, "இப்பப் பல்லு எப்புடிம்மா இருக்கு?" என்று கேட்டாய். தேவலை என்றேன். எழுந்து நின்றேன். கால் இரண்டும் மரத்திருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் திரும்புகிற வரை நின்றேன். குத்தத் தொடங்கியது. அந்தக் குத்தல் காலோடு நின்றுவிட்டது, அதற்கு மேலே வரவில்லை. பொய்யாக எழுத விரும்பவில்லை. நான் தேறிவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் சொல்ல முடியாது.

நீ பெரியவனாகி உன் வீட்டில் செபம் சொல்லும்போது, உன் பெண்டாட்டி கேட்பது ஒன்றாகவும் நீ கேட்பது அதற்கு நேர் எதிராகவும் இருக்கலாம். அப்போதும் அவளுக்குப் பதில் சொல். நீ நம்பினால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. கேட்கிறவர் பாதியில் நின்றுகொண்டிருக்கிறார், மீதியை அவரால் தனியாகச் சொல்ல முடியாது, அது போதும். கல்லூரியில் எனக்கு வேதாகமப் பாடம் எடுத்தவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் குறித்துக்கொண்டு மறந்திருப்பேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். அப்பா இருக்காரா, இல்லையா. எனக்குத் தெரியாது தம்பி. தாத்தாவுக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. நீ இதைப் படிக்கிற காலத்தில் ஒருவேளை தெரிந்திருக்கும். ஒருவேளை அவரே இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் வாசித்துவிட்டு, தாத்தா நீட்டின ரொட்டித் துண்டை ஏன் வாங்கவில்லை என்று என்னைக் கேலி செய்துகொண்டிருக்கலாம். ஒருவேளை இப்போது மாதிரியே தெரியாமலே இருக்கலாம். அப்படியானால் என்னையும் தாத்தாவையும் நினைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாதே. அவர் இருக்கிற இடம் எதுவாக இருந்தாலும், அங்கே அவர் பேரைச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்.

வாசலில் பிலோமி சுள்ளிக்கட்டை இறக்குகிற சத்தம் கேட்கிறது. குல்லாய் இல்லாமல்தான் போயிருக்கிறாய், காது சிவந்திருக்கிறது. மணியும் அடித்துவிட்டது. நாளைக்கு உபதேசியார் திரும்பவும் எழுந்திருக்கச் சொன்னால், எங்கள் வீட்டில் இரண்டுக்கும் செபிக்கிறோம் என்று சொல்லச் சொல்லி உன்னை அனுப்பப் போகிறேன். பயல்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தாத்தா விளக்கை ஏற்றிவிட்டு, கதவோரத்து இடத்தை விட்டுவிட்டு, பாயை விரிக்கிறார். இன்றைக்கு முதல் பாதி அவருடையது. நான் போக வேண்டும்.

உன் நெற்றியில் தினமும் சிலுவை போடுகிற,
அம்மா